கோலார் தங்கவயல்: தமிழர்கள் தோண்டி எழுப்பிய நகரம் வளர்ந்ததும் தளர்ந்ததும்

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வட ஆர்க்காடு, சேலம் வட்டாரக் கிராமங்களில் பஞ்சமும் கடனும் வாட்டியபோது, நிலமில்லாத குடும்பங்கள் பிழைப்புத் தேடிப் பல திசைகளில் புறப்பட்டன. சிலர் சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் கப்பலேறிப் பினாங்குத் துறைமுகத்தில் வந்து இறங்கினர். அங்கிருந்து கரும்புத் தோட்டங்களுக்கும், பின்னர் ரப்பர் தோட்டங்களுக்கும், ரயில் பாதை வேலைக்கும் பிரிந்து சென்றனர். அவர்களின் அண்டை வீட்டார், உறவினர் பலர் கடல் தாண்டவில்லை. ஜோலார்ப்பேட்டை வழியாக மேற்கே சென்று, மைசூர் சமஸ்தானத்தில் இருந்த ஒரு வறண்ட மேட்டு நிலத்தில் இறங்கினர். அந்த இடம்தான் கோலார் தங்கவயல். இன்று உலகம் அதைக் கே.ஜி.எஃப் என்ற மூன்றெழுத்தில் அறிந்திருக்கிறது.

சுமார் 120 ஆண்டுகள் இயங்கிய அந்தச் சுரங்கம் 800 டன்னுக்கும் அதிகமான தங்கத்தைக் கொடுத்தது. 2001ஆம் ஆண்டில் அது மூடப்பட்டது. தங்கம் எங்கெங்கோ போய்விட்டது. அதைத் தோண்டியவர்களின் பேரப்பிள்ளைகள் மட்டும் இன்னும் அங்கேயே வாழ்கிறார்கள். ஒரே நிறுவனத்தை நம்பி எழுந்த நகரம், அந்த நிறுவனம் கைவிட்டபின் என்ன ஆகும் என்பதற்குத் தமிழர் வரலாற்றில் இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது.

அமைவிடம்

தங்கவயல் கர்நாடகத்தின் கோலார் மாவட்டத்தில், பெங்களூருக்குக் கிழக்கே சுமார் 100 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. தமிழ்நாடு, ஆந்திர எல்லைகள் இரண்டும் அருகிலேயே இருக்கின்றன. மாரிக்குப்பம், சாம்பியன் ரீஃப், ஊரிகம், கோரமண்டல், ராபர்ட்சன்பேட்டை, ஆண்டர்சன்பேட்டை எனப் பல குடியிருப்புகள் சேர்ந்ததே இந்நகரம். மழை குறைந்த, வற்றாத ஆறு ஏதும் இல்லாத மாவட்டம் இது. ஏரிகளையும் கிணறுகளையும் நம்பியே வேளாண்மை நடந்து வந்தது. தங்கம் மட்டும் இல்லாமல் இருந்திருந்தால், லட்சம் பேருக்கு மேல் வாழும் ஒரு நகரம் அந்த இடத்தில் உருவாகியிருக்கக் காரணமே இல்லை.

மாட்டுவண்டியில் வந்த மண்

1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்த பிறகு, மைசூரின் எல்லைகளை அளக்கும் பணி தொடங்கியது. அதற்காக வந்தவர்களில் ஒருவர் ஜான் வாரன் என்ற படைத் துணைநிலை அதிகாரி. இந்த வட்டாரத்தில் தங்கம் கிடைப்பதாக ஊரார் பேசிக்கொள்வது 1802இல் அவர் காதில் விழுந்தது. பொன் இருக்கும் மண்ணைக் காட்டுவோருக்குப் பரிசு உண்டு என்று அறிவித்தார். ஊரிகம் மக்கள் மாட்டுவண்டிகளில் மண்ணை ஏற்றி வந்து, அவர் கண்முன்னே அலசிக் காட்டினர். மாரிக்குப்பத்தில் உள்ளூர் மக்கள் குழிக்குள் இறங்கிக் கல் எடுத்து, இடித்து, அலசிப் பொன் பிரிப்பதையும் அவர் பார்த்து எழுதி வைத்தார். தங்கவயலை வெள்ளையர் கண்டுபிடித்தனர் என்று சொல்வது வழக்கம். உள்ளபடி, உள்ளூர் மக்கள் தலைமுறை தலைமுறையாக அறிந்திருந்ததை வாரன் ஏட்டில் பதிந்தார்.

வாரனின் குறிப்பு நெடுநாள் கழித்து மைக்கேல் லாவெல் என்ற அயர்லாந்துக்காரரின் கைக்கு வந்தது. நியூசிலாந்துப் போரில் ஈடுபட்டு, பெங்களூர்த் தண்டுப் பகுதியில் குடியேறிய முன்னாள் படைவீரர் அவர். 1871இல் கோலாருக்குச் சென்று பார்த்தார். 1873இல் மைசூர் அரசிடம் விண்ணப்பித்தார். 1875இல் 20 ஆண்டுகளுக்கு உரிமம் பெற்றார். சுரங்கம் நடத்தும் அளவுக்கு அவரிடம் முதல் இல்லை. ஓரிரு ஆண்டுகளில் அந்த உரிமை வேறு முதலீட்டாளர்களின் கைக்கு மாறியது.

1880இல் லண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் நிறுவனம் உள்ளே வந்தது. தொடக்க ஆண்டுகளில் போட்ட பணமெல்லாம் மண்ணாகப் போவது போலத் தோன்றியது. பங்குதாரர்கள் கைவிடும் மனநிலைக்கு வந்தனர். அந்தக் கட்டத்தில், 1883ஐ ஒட்டி, பழங்காலத்தவர் தோண்டி விட்டுச் சென்ற குழிகளுக்குக் கீழே தேடிப் பார்த்த பிளம்மர் என்ற சுரங்க வல்லுநரின் குழு, தங்கம் செறிந்த பாறைப் படிவம் ஒன்றைக் கண்டது. 'சாம்பியன்' படிவம் என்று பெயர் பெற்ற அதுவே தங்கவயலின் உயிர்நாடி. அதன் நெடுகிலும் மைசூர், சாம்பியன் ரீஃப், ஊரிகம், நந்திதுர்க்கம், பாலகாட் எனத் தனித்தனி நிறுவனங்கள் எழுந்தன. அனைத்தையும் நிர்வகித்தது ஜான் டெய்லர் நிறுவனம்.

பெங்களூருக்கு முன்பே வந்த மின்சாரம்

அதன்பின் நகரம் மின்னல் வேகத்தில் வளர்ந்தது. 1894இல், அன்று பௌரிங்பேட்டை என்று அழைக்கப்பட்ட பங்காருப்பேட்டையிலிருந்து சுரங்கத்துக்குத் தனிக் கிளை ரயில் பாதை போடப்பட்டது. குடிநீருக்காகப் பாலாற்றின் மீதுள்ள பேத்தமங்கலம் நீர்த்தேக்கத்திலிருந்து குழாய் வந்தது. கோலாரைக் கடந்த பிறகு வாணியம்பாடி, ஆம்பூர் வழியாக வட ஆர்க்காட்டில் ஓடுவதும் அதே பாலாறுதான். ஆற்றோரம் வாழ்ந்தவர்கள் வேலை தேடி அந்த ஆற்றின் மேல்திசைக்கே போய்ச் சேர்ந்தனர்.

பெரிய மாற்றம் 1902இல் வந்தது. சுரங்கத்து இயந்திரங்களை ஓட்ட விறகும் நிலக்கரியும் கட்டுப்படியாகவில்லை. காவிரியின் சிவசமுத்திர அருவியில் நீர்மின் நிலையம் அமைக்கும் திட்டத்தை மைசூர் திவான் கே. சேஷாத்ரி ஐயர் முன்னெடுத்தார். திட்டம் நிறைவேறும் முன்பே, 1901இல் அவர் காலமானார். 1902 ஜூன் இறுதியில் அங்கிருந்து சுமார் 148 கிலோமீட்டர் நீளக் கம்பிவழியில் தங்கவயலுக்கு மின்சாரம் வந்தது. அக்காலத்தில் உலகின் மிக நீண்ட மின்கடத்து வழிகளில் அதுவும் ஒன்று. பெங்களூர்த் தெருவில் மின்விளக்கு எரிந்தது 1905இல்தான். தலைநகரை முந்திக்கொண்டு ஒரு சுரங்க ஊர் வெளிச்சம் கண்டது.

அந்த வெளிச்சம் எல்லார் வீட்டுக்கும் ஒன்றுபோல் போய்ச் சேரவில்லை. ஆங்கிலேய அதிகாரிகளுக்குத் தோட்டத்துடன் கூடிய பங்களாக்கள், மனமகிழ் மன்றம், கோல்ஃப் திடல், தேவாலயம் எல்லாம் இருந்தன. அந்த மேட்டு நிலத்தின் இதமான குளிரும் சேர்ந்ததால், தங்கவயலுக்குக் 'குட்டி இங்கிலாந்து' என்ற பெயரும் ஏற்பட்டது. தொழிலாளர்கள் மூங்கில் தட்டிகளால் கட்டிய, குனிந்து நுழைய வேண்டிய குடிசைகளில் வரிசை வரிசையாகக் குடியிருந்தனர். மலாயாத் தோட்டத்து லயங்களைக் கண்டவர்களுக்கு அந்தக் காட்சியை விளக்கிச் சொல்லத் தேவையில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுமார் 30 ஆயிரம் பேர் சுரங்கங்களில் வேலை செய்தனர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழ் பேசும் ஆதிதிராவிட மக்கள்.

மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் வேலை

தங்கப் படிவம் சாய்வாக ஆழத்தை நோக்கிச் சென்றது. சுரங்கமும் அதைத் தொடர்ந்து இறங்கியது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டரையும் தாண்டி, உலகின் ஆழமான சுரங்கங்களின் வரிசையில் இடம்பெற்றது. அந்த ஆழத்தில் பாறையின் வெப்பமே 60 பாகை செல்சியஸைக் கடந்தது. குளிரூட்டிய காற்றை மேலிருந்து செலுத்தினால்தான் மனிதர் நிற்க முடியும் என்ற நிலை.

வெப்பத்தைவிடப் பெரிய அச்சம் பாறை வெடிப்பு. உள்ளிருந்து கல்லை வெட்டி எடுக்க எடுக்க, சுற்றியுள்ள பாறையின் அழுத்தம் தாங்க முடியாத அளவுக்கு ஏறும். ஒரு கணத்தில் பாறை குண்டுபோல வெடித்துச் சிதறும். ஊரிகம் சுரங்கத்தில் 1898இல் நிகழ்ந்தது, பாறை வெடிப்பு பற்றி உலகில் பதிவான மிகப் பழைய நிகழ்வுகளில் ஒன்று. பெரிய வெடிப்பு ஏற்பட்டால் மேலே வீட்டுப் பாத்திரங்கள் உருளும். சுவரில் விரிசல் விழும். ஆட்டம் உணரப்பட்டவுடன் குடும்பத்தார் சுரங்க வாயிலுக்கு ஓடி, யார் மேலே வருகிறார்கள் என்று காத்து நிற்பது ஊரின் வழக்கமாக இருந்தது. இந்தியாவின் தேசியப் பாறை இயக்கவியல் கழகம் 1988இல் தங்கவயலில் நிறுவப்பட்டதற்கும் இந்த அனுபவமே பின்புலம்.

மூன்றாவது எதிரி கண்ணுக்குத் தெரியாதது. துளைக் கருவிகள் கிளப்பிய பாறைத் துகள் நுரையீரலில் படிந்து, 'சிலிக்கோசிஸ்' என்ற தீராத நோயைத் தந்தது. 1940களில் 7,653 தொழிலாளர்களிடம் நடத்திய பரிசோதனையில் 43.7 விழுக்காட்டினருக்கு அந்நோய் இருந்தது தெரியவந்தது. இந்தியாவில் தொழில்நோய் பற்றிப் பேசும் மருத்துவப் பாடநூல்கள் இன்றும் எடுத்துக்காட்டும் கணக்கு அது.

இத்தனை உயிரையும் மூச்சையும் விலையாகக் கொடுத்துக் கிடைத்தது எவ்வளவு? 120 ஆண்டுகளில் சுமார் 5 கோடியே 10 லட்சம் டன் பாறை மேலே வந்தது. அதாவது சராசரியாக ஒரு டன் கல்லுக்கு 16 கிராம், இரண்டு பவுன் தங்கம். அதைப் பிரிக்கக் கல்லை மாவாக அரைத்து, சயனைட் கரைசலில் ஊறவைக்க வேண்டும். தங்கம் கரைசலில் சேர்ந்துவிடும். மிஞ்சும் மாவு வெளியே கொட்டப்படும். ஷிப்டு முடிந்து வெளியேறும் ஒவ்வொரு தொழிலாளியும் உடல் சோதனைக்கு உட்பட்டே வீடு திரும்ப முடிந்தது.

பாதாளத்தில் ஒரு கண்டுபிடிப்பு

தங்கவயலுக்கு அறிவியலிலும் ஓர் இடம் உண்டு. வானிலிருந்து ஓயாமல் பொழியும் காஸ்மிக் கதிர்கள் ஆழத்தில் இருக்கும் பாறையைத் துளைத்து வர முடியாது. நியூட்ரினோ என்ற நுண்துகள் மட்டும் வரும். அதைப் பிடிப்பதற்கு ஆழமான சுரங்கமே ஏற்ற இடம். மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சிக் கழகம், ஜப்பானின் ஒசாகா, பிரிட்டனின் டர்ஹாம் பல்கலைக்கழகங்களின் விஞ்ஞானிகள், சுமார் 2.3 கிலோமீட்டர் ஆழத்தில் கருவிகளை அமைத்தனர். 1965இல், வளிமண்டலத்தில் தோன்றும் நியூட்ரினோவின் தடத்தை அங்கு பதிவு செய்தனர். அதே காலத்தில் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றிலும் அத்தகைய ஆய்வு நடந்தது. உலகில் முதன்முதலாக வளிமண்டல நியூட்ரினோவைக் கண்ட இடங்கள் இந்த இரண்டு சுரங்கங்களே.

தொழிலாளர்கள் தாங்களே கட்டியது

வீடு, குடிநீர், மின்சாரம், மருத்துவமனை எல்லாம் நிறுவனத்துடையவை. தொழிலாளர்கள் தமக்கென எழுப்பியது வேறு. கிராமத்தில் சாதியின் பெயரால் ஒதுக்கப்பட்டவர்களுக்குச் சுரங்கத்தில் மாதச் சம்பளம் கிடைத்தது. கைக்கு வந்த காசில் ஒரு பங்கு படிப்புக்கும் பத்திரிகைக்கும் போனது.

அயோத்திதாசப் பண்டிதர் தொடங்கிய தமிழ்ப் பௌத்த இயக்கத்துக்கு மாரிக்குப்பமும் சாம்பியன் ரீஃபும் வலுவான களங்களாக அமைந்தன. 1907இல் சென்னையில் அவர் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' ஏட்டுக்கு இங்கே வாசகர்களும் ஆதரவாளர்களும் திரண்டனர். 1914இல் அவர் மறைந்த பிறகு தேங்கிப்போன 'தமிழன்' இதழை, 1926இல் தங்கவயலிலிருந்தே மீண்டும் நடத்தினார் கோ. அப்பாதுரையார். அவர்களின் நூல்களைச் சாம்பியன் ரீஃபில் இயங்கிய சித்தார்த்த புத்தகசாலை அச்சிட்டுப் பரப்பியது. பகலில் பாதாளத்தில் கல் உடைத்தவர்கள் மாலையில் மேலே வந்து சமயமும் சமத்துவமும் பற்றி விவாதித்த ஊர் அது. 1954இல் டாக்டர் அம்பேத்கர் தங்கவயலுக்கு வந்தார். பொதுவுடைமை இயக்கமும் திராவிட இயக்கமும் இங்கே வேர்விட்டன.

போராட்டங்களும் அந்த விழிப்பிலிருந்து பிறந்தன. 1930இல் எல்லாத் தொழிலாளர்களின் கைரேகையையும் பதிவு செய்ய நிர்வாகம் முனைந்தது. குற்றவாளிகளைப்போல் தங்களை நடத்துவதாகக் கருதிய தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினர். முறையான தொழிற்சங்கமே இல்லாத காலத்தில் அந்த வேலைநிறுத்தம் 21 நாள் நீடித்தது. 1946 நவம்பர் 4ஆம் தேதி, இன்னொரு போராட்டத்தின்போது காவல் துறை சுட்டதில் ஆறு தொழிலாளர்கள் உயிரிழந்தனர். அந்த நாளைத் தங்கவயல் இன்றும் நினைவுகூர்கிறது.

இலாபத்திலிருந்து நட்டத்துக்கு

20ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டுதான் தங்கவயலின் உச்சம். அதற்குப் பிறகு ஆழம் கூடக் கூடச் செலவு ஏறியது. கல்லில் தங்கத்தின் அளவு இறங்கியது. இந்தியா விடுதலை பெற்றபோது, நல்ல படிவங்களின் பெரும்பகுதி ஏற்கெனவே வெட்டி எடுக்கப்பட்டு, அதன் இலாபம் லண்டன் பங்குதாரர்களிடம் போய்ச் சேர்ந்திருந்தது.

1956 இறுதியில் மைசூர் மாநில அரசு சுரங்கங்களை எடுத்துக்கொண்டது. 1962 இறுதியில் அவை மத்திய அரசுக்கு மாறின. 1972 ஏப்ரலில் பாரத் கோல்டு மைன்ஸ் என்ற பொதுத்துறை நிறுவனம் உருவானது. நட்டத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. தேசியமயமான பின் பல ஆண்டுகள், தோண்டிய தங்கத்தை உள்நாட்டுச் சந்தை விலையைவிட மிகக் குறைவான அனைத்துலக அதிகாரபூர்வ விலைக்கே அரசிடம் ஒப்படைக்க வேண்டியிருந்தது. நகைக்கடை விலையில் கணக்குப் பார்த்திருந்தால் ஏடு வேறு மாதிரி இருந்திருக்கும். அரசு நிர்ணயித்த விலையில் சுரங்கம் ஆண்டுதோறும் நட்டம் காட்டியது.

நலிவுற்ற நிறுவனங்களை ஆராயும் வாரியத்திடம் 1992இல் அதன் கணக்கு போனது. மீட்கும் திட்டங்கள் பேசப்பட்டன. எதுவும் நிறைவேறவில்லை. ஒரு டன் கல்லில் கிடைத்தது சில கிராம் தங்கம் மட்டுமே. 2001 பிப்ரவரி 28ஆம் தேதியோடு சுரங்கம் மூடப்பட்டது. அப்போது வேலையில் இருந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் வீட்டுக்கு அனுப்பப்பட்டனர்.

ஒரே நாளில் இழந்தவை

வேலை போனது முதல் இழப்பு மட்டுமே. தெருவிளக்கு, குடிநீர்க் குழாய், சாக்கடைத் துப்புரவு, மருத்துவமனை எல்லாமே சுரங்க நிறுவனத்தின் பொறுப்பில் இருந்தவை. கதவு சாத்தப்பட்டதும் அவை ஒவ்வொன்றாக முடங்கின. தொழிலாளர்கள் பல தலைமுறையாகக் குடியிருந்த வீடுகள்கூட நிறுவனத்தின் சொத்து. அந்த வீடுகளைத் தங்கள் பெயருக்கு மாற்றித் தர வேண்டும் என்பதும், நிலுவைத் தொகைகளைக் கொடுக்க வேண்டும் என்பதும் முன்னாள் தொழிலாளர்களின் நீண்டநாள் கோரிக்கைகள்.

நீர் இறைக்கும் இயந்திரங்கள் நின்றதும் சுரங்கக் குழிகளில் தண்ணீர் நிறைந்தது. இரும்புக் கோபுரங்கள் துருவேறின. மேலே மிஞ்சியவை 13 சயனைட் மேடுகள். 120 ஆண்டுகளாக அரைத்துக் கொட்டிய கல்மாவு, சுமார் 3 கோடியே 30 லட்சம் டன், மணற்குன்றுகளாகக் குவிந்து கிடக்கிறது. பெரும்பகுதியில் புல் பூண்டு முளைப்பதில்லை. கோடைக் காற்றில் அந்தத் தூசி வீடுகளுக்குள் பறந்து வருகிறது. மழையில் கரைந்து ஏரிகளுக்கும் வயல்களுக்கும் இறங்குகிறது. மழை குறைந்த நிலத்தின் நடுவே மனிதர் கையால் உருவான பாலைவனம் இது.

திரைப்படங்கள் இந்தக் காட்சியைத்தான் பிடித்துக்கொண்டன. 2018இலும் 2022இலும் வெளிவந்த கன்னட 'கே.ஜி.எஃப்' படங்கள் ஊரின் பெயரை உலகெங்கும் கொண்டு சென்றன. அந்தக் கதை முழுக்கக் கற்பனை. 2024இல் வந்த பா. இரஞ்சித்தின் 'தங்கலான்' வட ஆர்க்காட்டு மக்கள் தங்கம் தேடிச் சென்ற காலத்தை மையமாக வைத்து, தொழிலாளர் பக்கத்திலிருந்து கதை சொல்ல முயன்றது.

பினாங்கிலிருந்து பார்த்தால்

சுரங்கத்தால் வளர்ந்து, சுரங்கம் தீர்ந்ததும் தளர்ந்த ஊர்கள் மலேசியாவிலும் உண்டு. பேராக் கிந்தா பள்ளத்தாக்கின் ஈயம்தான் பினாங்குத் துறைமுகத்தின் செழிப்புக்கு ஒரு தூண். ஜோர்ஜ்டவுன் டத்தோ கிராமாட் சாலையில் ஈயம் உருக்கும் ஆலை பல பத்தாண்டுகள் புகைந்தது. 1985 அக்டோபரில் அனைத்துலக ஈய மன்றம் நொடித்து விலை சரிந்ததும், கிந்தாவின் ஈயக் கப்பல்கள் ஓய்ந்தன. பல சிற்றூர்கள் ஆளரவமற்றுப் போயின. டத்தோ கிராமாட் ஆலை நின்ற நிலத்தில் இன்று பினாங்கு டைம்ஸ் ஸ்குவேர் வணிக வளாகம் எழுந்து நிற்கிறது. சிலாங்கூரின் பத்து ஆராங்கில் 1915 முதல் வெட்டிய நிலக்கரி, ரயில்கள் எண்ணெய்க்கு மாறியபின் தேவையற்றுப் போக, 1960இல் சுரங்கம் மூடப்பட்டது.

ஜோர்ஜ்டவுனுக்கு ஈயம் போனாலும் துறைமுகம் இருந்தது, வணிகம் இருந்தது, 1970களில் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை வந்தது. தங்கவயலுக்கு அப்படி மாற்று வழி அமையவில்லை. 1964இல் தொடங்கிய பெமல் என்ற மண்வாரி இயந்திரத் தொழிற்சாலை ஒன்றே பெரிய வேலைவாய்ப்பாக மிஞ்சியது. சுரங்கம் விட்ட இடத்தை அதனால் மட்டும் நிரப்ப முடியவில்லை.

தங்கவயலோடு இன்னும் நெருக்கமாக ஒத்துப்போவது மலேசியத் தோட்டங்களின் கதை. வேலையும் வீடும் ஒரே முதலாளியிடம் இருந்ததால், தோட்டம் துண்டாடப்பட்டபோதும் மேம்பாட்டுக்காக விற்கப்பட்டபோதும் வேலை போன அன்றே வீடும் போனது. கோயிலும் தமிழ்ப்பள்ளியும் இடம் தேடின. கடலின் இரு கரைகளிலும் ஒரே மாவட்டத்து மக்கள் ஒரே பாடத்தைத்தான் படித்திருக்கிறார்கள்.

பேய் நகரம் என்று சொல்ல முடியாத ஊர்

ஆப்பிரிக்காவின் நமீபியப் பாலைவனத்தில் கோல்மன்ஸ்கோப் என்றொரு ஊர் உண்டு. 1908இல் சகரியாஸ் லெவாலா என்ற ரயில்பாதைத் தொழிலாளி மணலில் வைரக்கல் ஒன்றைக் கண்டெடுத்தார். சில ஆண்டுகளிலேயே அங்கு ஜெர்மானியர் மாளிகைகளும் மருத்துவமனையும் அரங்கமும் எழுப்பினர். வைரம் தீர்ந்தது, 1956இல் கடைசிக் குடும்பமும் வெளியேறியது. இன்று வீடுகளுக்குள் சன்னல் உயரத்துக்கு மணல் புகுந்து கிடக்கிறது. சுற்றுப் பயணிகள் படம் எடுக்க வருகிறார்கள்.

தங்கவயலையும் சிலர் பேய் நகரம் என்று எழுதுகிறார்கள். அங்கே அதிகாலையில் மாரிக்குப்பம், சாம்பியன், ஊரிகம், கோரமண்டல் நிலையங்களில் நிற்பவர்கள் அதை ஏற்கமாட்டார்கள். தினந்தோறும் ஆயிரக்கணக்கானோர் பெங்களூர் ரயிலில் நெருக்கியடித்து ஏறி, கட்டுமானப் பணிக்கும் துணிக்கடைக்கும் மருத்துவமனைக்கும் மென்பொருள் அலுவலகத்துக்கும் போய், இரவில் வீடு திரும்புகிறார்கள். தங்கத்தைக் கொண்டுபோவதற்காகப் போட்ட அதே பாதை இப்போது மனித உழைப்பைச் சுமந்து செல்கிறது. சுரங்கத் தொழிலாளியின் பிள்ளைகள் ஆசிரியர், தாதி, பொறியியலாளர், வழக்கறிஞர் என்று ஆகியிருக்கிறார்கள். தாத்தா காலத்துப் படிப்பகங்களும் பள்ளிக் கட்டணத்துக்கு ஒதுக்கிய காசும் கொடுத்த பலன் அது.

சுரங்கம் மீண்டும் திறக்குமா என்ற கேள்வி ஓயவில்லை. 2013இல் இந்திய உச்ச நீதிமன்றம், உலகளாவிய ஒப்பந்தப்புள்ளி கோரச் சுரங்கத்துக்கு அனுமதி தந்தது. ஆழச் சுரங்கம் திறக்கப்படவில்லை. 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை, சயனைட் மேடுகள் இருக்கும் 1,003 ஏக்கரில் மேற்பரப்பு அகழ்வுக்கு ஒப்புதல் அளித்தது. அந்தக் காலத்து முறையில் பிரிக்க முடியாமல் கல்மாவில் தங்கிப்போன தங்கத்தை இன்றைய தொழில்நுட்பத்தில் எடுக்கலாம் என்பது கணக்கு. தங்கத்தின் விலை எகிறியிருக்கும் நிலையில் அது இலாபம் தரக்கூடும்.

அந்த மேடுகளைக் கிளறும்போது எழும் தூசி யார் வீட்டில் படியும், வரும் வேலை யாருக்குக் கிடைக்கும், குடியிருக்கும் வீடு யார் பெயரில் இருக்கும் என்பவை ஊர் மக்களின் கேள்விகள். ஜான் டெய்லர் நிறுவனம் வந்தபோது அவற்றைக் கேட்க அவர்களின் முன்னோருக்கு வாய்ப்பு இருக்கவில்லை. இப்போது கேட்பவர்கள் படித்தவர்கள். சங்கம் வைத்து, வழக்குத் தொடுத்துப் பழகியவர்கள். பட்டா கையில் வரும்வரை அவர்கள் அந்தக் கேள்விகளை விடப்போவதில்லை.